சாக வந்த பெண்

ஆசிரியத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவனுக்கு மாணவரின் கேள்விகள் புதியன அல்ல. ஆயினும் சில கேள்விகள் மணியடித்த பின்னரும் வகுப்பறையில் தங்கிவிடுவதில்லை. அவை நம்முடன் வீதியில் நடந்து வருகின்றன. இரவில் விளக்கை அணைத்த பின்னர் தலைமாட்டில் வந்து நிற்கின்றன. அத்தகைய கேள்வி ஒன்று சில வாரங்களுக்கு முன்னர் என்னிடம் கேட்கப்பட்டது. அன்று நான் இறுத்த விடை எனக்கே திருப்தி தரவில்லை. அந்த விடையைத் திருத்தி எழுதும் முயற்சியே இக்கட்டுரை.

உயர்தர வகுப்பில் குடியேற்ற நாடுகளின் விடுதலை இயக்கங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பாடநூலில் அதிகம் இடம்பெறாத நாடொன்றையும் மாணவர் அறிந்திருத்தல் நன்று என எண்ணிக் கரீபியன் கடலிலுள்ள புவேர்ட்டோ ரிக்கோ தீவைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போது இரண்டு புகைப்படங்களையும் காட்டினேன். முதலாவது 1954ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதலாந் திகதி வாஷிங்டன் நகரில் எடுக்கப்பட்டது. நேர்த்தியாக உடுத்து, உதட்டுச் சாயம் பூசி, காதணி அணிந்த பெண்ணொருத்தியைப் பொலிஸார் பிடித்து நிற்கின்றனர். விருந்தொன்றுக்குப் புறப்பட்டவர் போன்ற தோற்றம். ஆனால் சற்று முன்னர்தான் அவரும் அவருடைய தோழர்களும் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைமீது சுட்டிருந்தனர். இரண்டாவது படம் அதே பெண்ணின் முதுமைக் காலத்தது. தலை நரைத்துவிட்டது, பார்வை மாத்திரம் மாறவில்லை. அவர் பெயர் லொலித்தா லெப்ரோன்.

படங்கள் கைமாறி வகுப்பைச் சுற்றி வந்தன. முன்வரிசை மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"சேர், இவ தியாகியோ, பயங்கரவாதியோ?"

"வரலாற்றை அப்படி ஒரு சொல்லில் அடக்க முடியாது" என்றேன். விடை தெரியாத ஆசிரியர் தப்பிச் செல்லும் வாயில் அது. மாணவி உட்கார்ந்துவிட்டாள், கேள்வி உட்காரவில்லை. அந்த இரு சொற்களும் நம் நாட்டில் எத்தனை வீடுகளின் முற்றத்தில் எதிரெதிராக நின்றிருக்கின்றன என்பதை அறிந்தோருக்கு அக்கேள்வியின் கனம் விளங்கும். எனினும் நான் எழுதப் புகுந்தது நம் கதையன்று. பிறரின் கதையை அதற்குரிய மண்ணில் வைத்துப் பார்ப்பதே நேர்மை. ஆதலின் அந்த மண்ணிலிருந்தே தொடங்குவோம்.

கொடியைக் குற்றமாக்கிய சட்டம்

புவேர்ட்டோ ரிக்கோ ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. 1898ஆம் ஆண்டு ஸ்பெயினுக்கும் ஐக்கிய அமெரிக்காவுக்கும் மூண்ட போரின் முடிவில் அது ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறியது. தீவு மக்களின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. 1917இல் அவர்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை வழங்கப்பட்டது. ஆனால் அவர்களை ஆளும் சட்டங்களை ஆக்கும் காங்கிரஸ் சபையில் வாக்களிக்கும் உரிமையுள்ள ஓர் உறுப்பினர்கூட அவர்களுக்கு இல்லை. இன்றும் நிலைமை அதுவே.

இந்நிலையை எதிர்த்து எழுந்த தேசியக் கட்சியின் தலைமையை 1930இல் ஏற்றவர் பெட்ரோ அல்பிசு கம்போஸ். ஹார்வாட் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றவர். கேட்டாரைப் பிணிக்கும் பேச்சாளர். வீரமும் தியாகமுமே தாய்நாடு என்பது அவர் தம் தொண்டர்களுக்குக் கற்பித்த மந்திரம். 1937ஆம் ஆண்டு மார்ச் 21ஆந் திகதி, குருத்தோலை ஞாயிறன்று, பொன்சே நகரில் அக்கட்சியினர் அமைதியாக நடத்த முனைந்த ஊர்வலத்தின்மீது பொலிஸார் சுட்டனர். 19 பேர் இறந்தனர்; இருநூறுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். இறந்தோருள் பொலிஸார் இருவர், ஏனையோர் பொதுமக்கள். அமைதி வழியில் நம்பிக்கை இழந்தோரின் கதைகளில் பெரும்பாலும் இத்தகைய ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கும்.

1948ஆம் ஆண்டு இன்னொரு கதவு அடைக்கப்பட்டது. தீவின் சட்டசபை இயற்றிய 53ஆம் இலக்கச் சட்டம், விடுதலைக்காகப் பேசுவதையும் தேசப்பற்றுப் பாடல்களைப் பாடுவதையும் புவேர்ட்டோ ரிக்கோவின் கொடியை வைத்திருப்பதையுங்கூடத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. மக்கள் அதனை வாய்ப்பூட்டுச் சட்டம் என்றே அழைத்தனர். 1950 அக்டோபர் 30ஆந் திகதி தேசியக் கட்சியினர் ஜயூயா முதலிய ஊர்களில் ஆயுதக் கிளர்ச்சி செய்தனர். அதனை அடக்க விமானங்களும் ஏவப்பட்டன. இரண்டு நாள்களின் பின்னர் வாஷிங்டனில் ஜனாதிபதி ட்ரூமனைக் கொல்ல இருவர் முயன்றனர். காவலர் ஒருவரும் தாக்க வந்தோருள் ஒருவரும் மாண்டனர்.

1952 ஜூலை மாதம் தீவுக்குப் புதிய அரசியலமைப்பு வந்தது. உள்நாட்டு ஆட்சி தீவினரிடம் வந்தது. இறைமை வாஷிங்டனிலேயே தங்கியது. நேற்றுவரை குற்றமாயிருந்த கொடி அதே ஆண்டில் அரசாங்கக் கொடியாக ஏற்றப்பட்டது. புவேர்ட்டோ ரிக்கோ இனிக் குடியேற்ற நாடன்று என 1953 நவம்பரில் ஐக்கிய நாடுகள் சபையும் ஏற்றுக்கொண்டது. ஆளுநர் லூயிஸ் முஞோஸ் மரீன் இதனைத் தம் மக்களின் வெற்றி எனக் கருதினார். அவரும் ஒரு காலத்தில் விடுதலையை ஆதரித்தவரே; பெருந்தொகையான வாக்குகளால் தெரிவானவர். வறுமையிலிருந்து மீள்வதே முதற் கடமை என்பது அவர் கட்சி. அக்கருத்தை வெறும் துரோகம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் தேசியக் கட்சியினருக்கோ, உலகம் தம் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திவிட்டது போலிருந்தது. அந்தக் கதவை வெடியோசையாலேனும் தட்டவேண்டும் எனச் சிலர் தீர்மானித்தனர்.

மார்ச் முதலாந் திகதி

லொலித்தா 1919 நவம்பரில் லாரெஸ் என்னும் மலைநாட்டு ஊரிற் பிறந்தார். கோப்பித் தோட்டங்கள் சூழ்ந்த அவ்வூருக்கு ஒரு வரலாற்றுப் பெருமை உண்டு. 1868இல் ஸ்பெயினுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தோர் ஒரு குடியரசைப் பிரகடனம் செய்தது அங்கேதான். அக்கிளர்ச்சி உடனேயே அடக்கப்பட்டது. நினைவு மாத்திரம் அடங்கவில்லை. தோட்டக் கண்காணி ஒருவரின் மகளாகிய லொலித்தா இளமையில் ஊர் விழாவில் அழகு ராணியாகத் தெரிவு செய்யப்பட்டவர். 1940களின் தொடக்கத்தில் பெண்குழந்தையைத் தம் தாயாரிடம் விட்டுப் பிழைப்புத் தேடி நியூயோர்க் நகருக்குச் சென்றார். ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து வேலை செய்தார். தம் நாட்டவர் அந்நகரில் எவ்வாறு நடத்தப்படுகின்றனர் என்பதை அங்கு கண்டார். அல்பிசுவின் கட்சியிற் சேர்ந்தார். படிப்படியாகப் பொறுப்புகளை ஏற்றார்.

1954 மார்ச் முதலாந் திகதி வெனிசுவேலாவின் கராக்கஸ் நகரில் அமெரிக்கக் கண்டங்களின் நாடுகள் கூடும் மாநாடு தொடங்கியது. உலகத்தின் காது திறந்திருக்கும் அந்நாளையே அவர்கள் தெரிந்துகொண்டனர். லொலித்தாவுடன் சென்றோர் மூவர்: ரபாயெல் கன்செல் மிராண்டா, அந்திரேஸ் பிகெரோவா கோர்தேரோ, இர்வின் புளோரெஸ். லொலித்தாவுக்கு வயது 34; கன்செல் மிராண்டாவுக்கு 23. நியூயோர்க்கிலிருந்து புகையிரதத்திற் சென்றனர். திரும்பி வருவோம் என்ற நினைப்பு அவர்களிடம் இல்லை.

பிரதிநிதிகள் சபையின் பார்வையாளர் மாடத்துக்குள் அந்நாளிற் செல்வது எளிது. படப்பிடிப்புக் கருவி உண்டா என்று மாத்திரமே காவலர் கேட்டனர் என்பர். கீழே மெக்சிக்கோ நாட்டுக் கூலித் தொழிலாளர் பற்றிய மசோதாவொன்று விவாதிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. இருநூறுக்கு மேற்பட்ட உறுப்பினர் அவையில் இருந்தனர். லொலித்தா எழுந்து, புவேர்ட்டோ ரிக்கோ விடுதலை பெறுக எனக் கூவித் தம் நாட்டுக் கொடியை விரித்தார். துப்பாக்கிகள் முழங்கின. ஏறக்குறைய முப்பது வேட்டுகள். ஐந்து உறுப்பினர் காயமுற்றனர். மிச்சிகன் மாநில உறுப்பினர் அல்வின் பென்ட்லி மார்பிற் குண்டேந்தி உயிருக்குப் போராடினார், பின்னர் பிழைத்தார். சபையில் எடுபிடி வேலை பார்த்த பதின்ம வயது இளைஞர்கள் காயமுற்றோரைத் தூக்கிச் சென்றனர். அவ்விளைஞருள் இருவர் பிற்காலத்தில் அதே சபையின் உறுப்பினராயினர்.

கைது செய்யப்பட்டபோது லொலித்தா சொன்ன வாக்கியம் உலகெங்கும் பரவியது. தாம் எவரையும் கொல்ல வரவில்லை, புவேர்ட்டோ ரிக்கோவுக்காகச் சாக வந்ததாக அவர் கூறினார். அவருடைய கைப்பையிலிருந்த கடிதமும் அதனையே சொன்னது: தம் உயிரை நாட்டுக்குக் கொடுப்பதாகவும், அனைத்துக்கும் தாமே பொறுப்பென்றும் எழுதியிருந்தார். தாம் முகட்டை நோக்கியே சுட்டதாக அவர் வாதிட்டார். ஜூரிமாரும் அவரைக் கொலை நோக்கக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தனர். ஆபத்தான ஆயுதத்தால் தாக்கியமைக்கு மாத்திரம் குற்றவாளியாகக் கண்டனர். அவருக்கு 16 ஆண்டு 8 மாதம் முதல் 50 ஆண்டு வரையான சிறை; ஆடவர் மூவருக்கும் 25 முதல் 75 ஆண்டு. பின்னர் நியூயோர்க்கில் நடந்த சதி வழக்கில் மேலும் 6 ஆண்டு.

அந்த வாக்கியத்தை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. "கொல்ல வரவில்லை, சாக வந்தேன்." அதில் பொய்யில்லை என்றே நம்புகிறேன். ஆனால் சாக வந்தவர்களின் கையில் நிறை துப்பாக்கிகள் இருந்தன. பென்ட்லியின் மார்பு அந்தத் தியாகத்துக்குச் சம்மதம் கொடுக்கவில்லை.

வேட்டு எதைச் சாதித்தது?

உலகம் திரும்பிப் பார்த்தது உண்மை. ஆனால் அது பார்த்தது தீவின் நிலைமையை அல்ல. துப்பாக்கி ஏந்திய அழகியை. பத்திரிகைகள் அவருடைய உதட்டுச் சாயத்தைப் பற்றி எழுதின. 1937ஆம் ஆண்டின் குருத்தோலை ஞாயிறு பற்றி எழுதியவை குறைவு.

தீவிலோ விளைவு இன்னும் கடுமையாயிற்று. 1953இல் மன்னிப்புப் பெற்று வெளிவந்திருந்த அல்பிசு கம்போஸின் விடுதலை இரத்துச் செய்யப்பட்டது. நோயாளியாயிருந்த அவர் மீண்டும் சிறைக்குச் சென்றார். 1964இன் இறுதியில் விடுவிக்கப்பட்டு, 1965 ஏப்ரலில் இறந்தார். கட்சித் தொண்டர்கள் திரள்திரளாகக் கைதாயினர். விடுதலை பற்றிப் பேசுவோர் அனைவரையும் ஐயத்துடன் நோக்கி ஏடு திறக்கும் வழக்கம் பொலிஸாரிடையே பல பத்தாண்டுகள் நீடித்தது.

இன்னொரு கணக்கும் உண்டு. ஆயுதம் ஏந்தாமல் தேர்தலில் நின்ற விடுதலைக் கட்சி 1952இல் ஏறக்குறைய நூற்றுக்கு 19 வாக்குகளைப் பெற்று இரண்டாம் இடத்தில் இருந்தது. 1960இல் அதன் பங்கு நூற்றுக்கு 3 அளவுக்குச் சரிந்தது. இதற்கு அந்த முப்பது வேட்டுகளே காரணமென்று சொல்வது மிகை. தொழிற்சாலைகள் பெருகின, இலட்சக்கணக்கானோர் அமெரிக்க நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர், கட்சிக்குள் பிளவும் இருந்தது. எனினும் விடுதலை என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு சாதாரணத் தாய்க்கு அச்சம் பிறக்கும் நிலையை அந்நாள் வளர்த்தது என்பதை மறுப்பது கடினம். எவருக்காகச் சாக வந்தாரோ அவர்களே சற்று விலகி நின்றனர்.

சிறையிற் சந்தனம்

மேற்கு வேர்ஜீனியாவின் அல்டர்சன் நகரிலுள்ள பெண்கள் சிறையில் அவருடைய இளமை முழுவதும் கழிந்தது. வழக்கு நடந்த ஆண்டிலேயே மகன் இறந்த செய்தி வந்தது. நாளடைவில் அவர் ஆழ்ந்த சமயப் பற்றுக்குள் சென்றார். தெய்விகக் காட்சிகள் தமக்குக் கிட்டுவதாகச் சொன்னார். கவிதைகள் எழுதினார். அவருடைய கவிதை நூலின் பெயர் சிறைக்கூடத்திற் சந்தனம் எனப் பொருள்படும். தேயத் தேய மணக்கும் பொருளை நான்கு சுவர்களுக்குள் நினைத்துக்கொண்ட அம்மனத்தை இலக்கிய மாணவர் உணர்ந்துகொள்வர்.

இத்தியாகத்தின் கணக்கில் வராத பெயர்களும் உள. தாய் சிறை சென்றபோது தீவில் பாட்டியிடம் வளர்ந்துகொண்டிருந்த மகள் கிளாடிஸ், 1977ஆம் ஆண்டு மார்ச் முதலாந் திகதி ஓடும் காரிலிருந்து விழுந்து இறந்தார். ஆம், அதே மார்ச் முதலாந் திகதி. சரியாக 23 ஆண்டுகள் கழித்து. பேத்தி இரேனே விலார் 1996இல் வெளியிட்ட நினைவு நூலில், தம் தாயின் முடிவு தற்செயலானதன்று என எழுதினார். அப்போது எட்டு வயதுச் சிறுமியாய் அதே காரில் இருந்தவர் அவர். ஒரு நாட்டின் வீரத்தாயாகப் போற்றப்படுபவருக்குப் பேத்தியாயிருப்பது எத்தகைய சுமை என்பதை அந்நூல் காட்டுகிறது. மகளின் இறுதிச் சடங்குக்காக லொலித்தா காவலுடன் தீவுக்கு அழைத்துவரப்பட்டார். பின்னர் மீண்டும் சிறை. தம் உயிரை அளிப்பதாகக் கையெழுத்திட்டவர் அவர் ஒருவரே. ஆனால் அந்தப் பத்திரத்தின்படி வசூலிக்கப்பட்டவை வேறு உயிர்களும் ஆகும். வீரரின் சிலைகளைச் செதுக்குவோர் அவர்தம் பிள்ளைகளுக்குப் பீடத்தில் இடம் விடுவதில்லை.

வருத்தம் தெரிவித்து மன்னிப்புக் கேட்டிருந்தால் அவர் முன்னரே வெளிவந்திருக்கக்கூடும். அவர் கேட்கவில்லை. தோழர் பிகெரோவா கோர்தேரோ புற்றுநோயாளியாக 1977இல் விடுவிக்கப்பட்டு 1979இல் இறந்தார். அதே 1979 செப்டெம்பரில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் எஞ்சியோரின் தண்டனையைக் குறைத்து விடுவித்தார். 34 வயதில் உள்ளே சென்றவர் 59 வயதில் வெளியே வந்தார். நாடு திரும்பியபோது பெருங்கூட்டம் வரவேற்றது.

குண்டுகளின் நடுவே ஒரு தீவு

கதை இங்கேயே முடிந்திருந்தால் லொலித்தா ஒரு பழைய புகைப்படமாகவே எஞ்சியிருப்பார். அவருக்கு இன்னொரு களம் காத்திருந்தது. அதன் பெயர் வியேக்கஸ்.

புவேர்ட்டோ ரிக்கோவின் கிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள சிறு தீவு அது. சனத்தொகை ஒன்பதினாயிரம் அளவு. 1940களில் அமெரிக்கக் கடற்படை அதன் நிலத்தில் ஏறக்குறைய முக்காற் பங்கைக் கைப்பற்றியது. கரும்புத் தோட்டங்களில் வேலை செய்து வந்த ஏழைக் குடும்பங்கள் சொற்ப அவகாசத்தில் வீடுகளை விட்டு அகற்றப்பட்டன. மேற்கே வெடிமருந்துக் களஞ்சியம், கிழக்கே குண்டு வீசிப் பழகும் வெளி, இடையிலே மக்கள். கப்பலிலிருந்து பீரங்கியும் விமானத்திலிருந்து குண்டும் வருடக்கணக்காக அம்மண்ணில் விழுந்தன. 1978இல் மீனவர்கள் தம் சிறு வள்ளங்களைப் போர்க்கப்பல்களின் குறுக்கே செலுத்தி ஒத்திகையைத் தடுத்தனர். கவண்கல்லும் கட்டுமரமும் பேரரசை எதிர்த்த பழங்கதை போன்ற காட்சி அது. ஆயினும் குண்டுகள் ஓயவில்லை.

1999 ஏப்ரல் 19ஆந் திகதி இலக்குத் தவறி விழுந்த குண்டுகள் அங்கு காவல் வேலை பார்த்த டேவிட் சானெஸ் என்னும் உள்ளூர்வாசியைக் கொன்றன. அவருக்கு வயது 35. அந்த மரணத்துக்குப் பழிவாங்க எவரும் துப்பாக்கி எடுக்கவில்லை. மக்கள் குண்டு வீசும் வெளிக்குள்ளேயே சென்று கூடாரமடித்துக் குடியிருந்தனர். மனிதர் இருக்கும் இடத்தில் குண்டு வீச முடியாதல்லவா? ஓராண்டுக்கு மேல் அவ்வாறு இருந்தனர். மீனவர், ஆசிரியர், மாணவர், பாதிரிமார் என எல்லோரும் அங்கிருந்தனர். 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் தலைநகர் சான் யுவானில் சமயத் தலைவர்களின் அழைப்பில் பல பத்தாயிரம் பேர் திரண்டு நடந்தனர். அதே ஆண்டு மே மாதம் கூடாரங்கள் அகற்றப்பட்டபோதும் மக்கள் ஓயவில்லை. அகற்றப்பட்டவர் திரும்பி வந்தனர், புதியவரும் வந்தனர். மொத்தம் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அத்துமீறி நுழைந்த குற்றத்துக்காகக் கைதாயினர்.

2001 ஜூன் மாதம் அவ்வாறு கைதானோருள் ஒருவர் லொலித்தா லெப்ரோன். வயது 81. கையில் ஆயுதம் இல்லை. கடற்படையின் எல்லைக்குள் நடந்து சென்றதே குற்றம். நீதிமன்றம் 60 நாள் சிறை விதித்தது. 25 ஆண்டுகள் சிறையைக் கண்டவருக்கு 60 நாள் பெரிதன்று எனச் சிலர் எண்ணலாம். எண்பது கடந்த உடம்புக்குச் சிறைக் கட்டில் எத்தகையது என்பதை முதியோரைக் கேட்டால் தெரியும்.

2003 மே முதலாந் திகதி கடற்படை வியேக்கஸை விட்டு வெளியேறியது. அரைநூற்றாண்டுக்கு மேலாகக் கேட்ட வெடியோசை அடங்கியது. வெற்றி முழுமையானதன்று. நிலத்தின் பெரும்பகுதி மக்களிடம் வராமல் வனவிலங்குக் காப்பகமாயிற்று. வெடிக்காத குண்டுகளை அகற்றும் பணி பின்னரும் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. ஆயினும் ஒரு பேரரசின் கடற்படை ஒரு தோட்டாவும் சுடப்படாமல் வெளியேறியது என்பது சிறிய செய்தியன்று.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். 1998ஆம் ஆண்டின் பொதுசன வாக்கெடுப்பில் விடுதலை வேண்டுமென்று வாக்களித்தோர் நூற்றுக்கு 3 பேர்கூட இல்லை. அடுத்த ஆண்டிலேயே வியேக்கஸுக்காக எல்லாக் கட்சியினரும் ஒரே குரலிற் பேசினர். அமெரிக்காவுடன் முற்றாக இணைய விரும்புவோரும், இருப்பது போதும் என்போரும், விடுதலை வேண்டுவோரும் ஒன்றாக நடந்தனர். 1954இல் லொலித்தா முன்னே ஓடினார், மக்கள் பின்வாங்கினர். 2001இல் மக்கள் நடந்தனர். அவர் அவர்களுள் ஒருவராக நடந்தார்.

மாறியது எது?

லொலித்தா மனந்திருந்தியவர் என்று எழுதிவிட்டால் கட்டுரை அழகாக முடிந்துவிடும், உண்மை முடியாது. அவர் 1954ஆம் ஆண்டுச் செயலை இறுதிவரை தள்ளிப்பேசவில்லை. இக்காலத்தில் தாம் ஆயுதம் ஏந்தமாட்டார் என்று முதுமையிற் சொன்னார். ஆயினும் தம்மை விடுவித்துக்கொள்ள எவ்வழியையும் கைக்கொள்ளும் உரிமை ஒரு மக்களுக்கு உண்டு என்றும் அதே மூச்சிற் சொன்னார். விடுதலை என்னும் இலக்கையும் அவர் கைவிடவில்லை. மாறியது வழி மாத்திரமே.

எதிர்வாதம் ஒன்று உண்டு; அதனை நான் இலகுவாக ஒதுக்கமாட்டேன். "1937இல் அமைதியாக நடந்தவர்களைச் சுட்டார்கள்; 1948இல் கொடியைக்கூடக் குற்றமாக்கினார்கள். அன்று அறவழி எங்கே திறந்திருந்தது? 1999இல் தொலைக்காட்சி இருந்தது, உலக அபிப்பிராயம் இருந்தது, ஆதலால் அறம் வென்றது" என்பர். இதில் உண்மை உண்டு. அடக்குமுறைக்காரன் பூட்டிய கதவுக்கு அடக்கப்பட்டவனை மாத்திரம் குற்றஞ் சொல்லுதல் நீதியன்று. ஆனால் கதவு பூட்டியிருந்தது என்பது ஒரு செய்தி. துப்பாக்கி அதைத் திறந்தது என்பது வேறொரு செய்தி. முதலாவதற்குச் சான்று உண்டு. இரண்டாவதற்கு அத்தீவின் வரலாற்றில் நான் சான்று காணவில்லை.

லொலித்தா 2010 ஆகஸ்ட் முதலாந் திகதி, 90ஆவது வயதில் காலமானார். பழைய சான் யுவான் நகரில், கடலை நோக்கிய மயானத்தில், தம் தலைவர் அல்பிசு துயிலும் இடத்திலேயே அவரும் அடக்கம் செய்யப்பட்டார். சாக வந்தவருக்குச் சாவு 56 ஆண்டுகள் தாமதித்தே வந்தது. அந்தத் தாமதமே அவருக்குக் கிடைத்த பெரும்பேறு என எனக்குத் தோன்றுகிறது. 1954இல் அவர் விரும்பியபடி இறந்திருந்தால் ஒரு கூச்சலாக மாத்திரம் எஞ்சியிருப்பார். வாழ்ந்ததனால், அதே துணிவை வேறொரு வழியிற் செலவிடும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது.

இவ்வளவும் எழுதிய பின்னர் அந்த இரண்டு படங்களையும் மீண்டும் வகுப்பறைக்குக் கொண்டுசென்றேன். என் நீண்ட விளக்கத்தைத் தொடங்கு முன்னரே, கேள்வி கேட்ட அந்த மாணவி படங்களை அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"ரெண்டு தரமும் அவ தன்ரை உயிரைக் குடுக்கத்தான் வந்திருக்கிறா, சேர். முதல் தரம் மற்ற ஆக்களின்ரை உயிரையும் அவையளைக் கேளாமல் பணயம் வைச்சிட்டா."

நான் குறிப்பேட்டை மூடிவிட்டேன். தியாகியா, பயங்கரவாதியா என்று கேட்டவளே, கேட்கவேண்டிய கேள்வி வேறென்பதைக் கண்டுகொண்டாள். ஒருவர் தம் கொள்கைக்காக எவ்வளவு கொடுக்க ஆயத்தமாயிருக்கிறார் என்பதைப் பார்த்து நாம் வியக்கிறோம், வியப்பதும் தகும். ஆனால் கொடுக்கப்படுவது யாருடையது என்பதையும் உடன் கேட்டல் வேண்டும். 34 வயதில் லொலித்தா கேட்க மறந்த கேள்வி அது. 81 வயதில், வெறுங்கையுடன் அந்த எல்லையைக் கடந்தபோது, அதற்கு அவர் சொல்லாமலே விடை சொல்லிவிட்டார்.